கேட் தேர்வும் வட்டிக் கடனும்: ஜமாஅத்துகளின் முன் சில கேள்விகள்

 

கல்லூரிச் சேர்க்கைக் காலம் தொடங்கிவிட்டால், சென்னைப் பள்ளிவாசல்களின் மிம்பர்களில் வட்டியைப் பற்றிய உரைகளும் தொடங்கிவிடுகின்றன. அல்பகரா அத்தியாயத்தின் 275 முதல் 279 வரையிலான வசனங்கள் ஓதப்படுகின்றன. வட்டியை உண்பவர், கொடுப்பவர், அதற்குக் கணக்கு எழுதுபவர், சாட்சி நிற்பவர் ஆகிய அனைவரையும் சாபத்திற்குரியோராகச் சொல்லும் நபிமொழி நினைவூட்டப்படுகிறது. கல்விக் கடனும் வட்டிக் கடனே என்று எச்சரிக்கப்படுகிறது. இதில் நமக்கு எள்ளளவும் மாற்றுக் கருத்து இல்லை. வட்டி ஹராம். அதை அஞ்சாமல் எடுத்துரைப்பது ஆலிம்களின் கடமை.

நம் கேள்வி அந்த உரைக்குப் பிந்தைய நிலையைப் பற்றியது. தொழுகை முடிந்து வாசலுக்கு வரும் இறுதியாண்டுப் பொறியியல் மாணவனுக்கு, கடன் வாங்காதே என்று சொன்ன ஜமாஅத் வேறு எந்த வழியைக் காட்டியது? பெரும்பாலான மஹல்லாக்களில் இதற்கு விடை இல்லை. அவன் முன் இரண்டு தெரிவுகளே எஞ்சுகின்றன. நெஞ்சை அறுக்கும் உறுத்தலோடு வங்கிக்குச் செல்லலாம்; அல்லது மேற்படிப்பை மறந்து, கிடைத்த வேலையில் சேரலாம். முதலாமவனை ஊர் பாவி என்கிறது. இரண்டாமவனைப் பேணுதலுள்ளவன் என்று புகழ்கிறது. புகழப்பட்டவன் இழந்த படிப்பு எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

வட்டியில்லாமல் உயர்கல்வி பெறும் வழி இந்நாட்டிலேயே இருக்கிறது. அவ்வழியின் வாயிற்கதவு ஒரு நுழைவுத் தேர்வு. அந்தத் தேர்வுக்கு இளைஞர்களையும் இளம்பெண்களையும் ஆயத்தப்படுத்தாமல் வட்டியை மட்டும் கண்டிக்கும் ஜமாஅத் தன் கடமையில் பாதியைத்தான் நிறைவேற்றுகிறது. இதுவே நம் வாதம்.

இரு மாணவர்கள், ஒரு கணக்கு

ஒரே மஹல்லாவைச் சேர்ந்த இருவர் பி.இ. முடித்திருப்பதாகக் கொள்வோம். ஒருவர் முதுகலைப் படிப்புக்காக 10 லட்சம் ரூபாயைக் கல்விக் கடனாகப் பெறுகிறார். ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் இரண்டு ஆண்டுகளிலும், அதற்குப் பின் ஓராண்டிலும் தவணை கட்டவேண்டியதில்லை என்பார்கள். ஆனால் வட்டி ஓய்வெடுப்பதில்லை. தனி வட்டியாகவே கணக்கிட்டாலும், முதல் தவணையைக் கட்டுவதற்கு முன்பே மூன்று லட்சம் ரூபாய் வட்டி சேர்ந்துவிடுகிறது.

மற்றவர் கேட் தேர்வை எழுதி நல்ல தரவரிசையோடு ஐ.ஐ.டி. போன்ற நிறுவனம் ஒன்றில் எம்.டெக். இடம் பெறுகிறார். அவருக்கு மாதம் 12,400 ரூபாய் வீதம் 24 மாதங்களுக்கு உதவித்தொகை கிடைக்கிறது. மொத்தம் 2,97,600 ரூபாய். இதற்கு ஈடாக அவர் வாரத்திற்கு எட்டு மணி நேரம் ஆய்வகத்திலோ வகுப்பிலோ ஆசிரியர்களுக்கு உதவ வேண்டும். ஆகவே அது உழைத்துப் பெறும் ஊதியம். எவரிடமும் கையேந்திப் பெறுவது அன்று.

ஒருவருக்கு மூன்று லட்சம் சுமை, மற்றவருக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் வரவு. இருவருக்கும் இடையிலான தொலைவு ஓராண்டு முறையான ஆயத்தம். ஆராய்ச்சியை நாடுவோருக்கு இந்த வாசல் இன்னும் அகலமானது. நெட் தேர்வின் வழியே இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வாகி, முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று தொகை உயர்த்தப்பட்டுள்ளது. ஒரு குடும்பமே வாழக்கூடிய ஹலாலான வருவாய் அது. இச்செய்தி எத்தனை மிம்பர்களில் சொல்லப்பட்டிருக்கிறது?

பெயரைப் பார்க்காத தேர்வு

பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வைப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும், நம் அடையாற்றங்கரையில் இருக்கும் சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட ஏழு ஐ.ஐ.டி.களும் இணைந்து நடத்துகின்றன. மூன்று மணி நேரம், 65 வினாக்கள், 100 மதிப்பெண்கள். பெற்ற மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருப்பவரே எழுதலாம் என்பதால், முதல் முயற்சியில் தவறினாலும் படிப்பு முடிவதற்குள் மறுமுறை எழுத வாய்ப்புண்டு.

நம் பெயரைக் கேட்டவுடனேயே ஒதுக்கிவிடுகிறார்களே, எதற்கு வீண் முயற்சி என்று சலித்துக்கொள்வோர் நம்மிடையே பலர். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்த வலி புதிதன்று. அதை நாம் மறுக்கவில்லை. எனினும் கேட் விடைகளைத் திருத்துவது கணினி. விடை எழுதியவர் அப்துல்லாவா ஆறுமுகமா என்பது அதற்குத் தெரியாது. நேர்காணல் வைத்து ஆளெடுக்கும் இடங்களில் பாகுபாட்டை அஞ்சுகிறவர், பெயரே தெரியாமல் அளக்கப்படும் ஓரிடத்தை விட்டு ஒதுங்கி நிற்பது பெரும் முரண்பாடு.

நாம் எங்கே நிற்கிறோம் என்பதற்குச் சான்றுகள் பழையவை. நாட்டின் தலைசிறந்த கல்லூரிகளில் இளங்கலை மாணவர்களுள் 25 பேருக்கு ஒருவரும், முதுகலை மாணவர்களுள் 50 பேருக்கு ஒருவருமே முஸ்லிம்கள் என்று சச்சார் குழு 2006-இல் எழுதியது. கீழ்ப்படியில் இருந்ததில் பாதிதான் மேற்படியில் எஞ்சுகிறது என்பதே அதன் பொருள். 2020-21 கல்வியாண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வில், முந்தைய ஆண்டைவிட முஸ்லிம் மாணவர் எண்ணிக்கை சற்றேறக்குறைய 1.79 லட்சம் குறைந்திருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 14.2 விழுக்காடாக இருக்கும் சமுதாயம், அந்த ஆய்வில் உயர்கல்வி பயில்வோருள் 4.6 விழுக்காடாக மட்டுமே இருந்தது.

அரசின் கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. சிறுபான்மை ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை கைவிடப்பட்டதாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்த படோ பர்தேஷ் திட்டமும் 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. இவற்றை எதிர்த்துக் குரல் கொடுப்பது நம் உரிமை; கொடுக்கவும் வேண்டும். ஆனால் போராட்டம் முடியும்வரை மாணவனின் வயது காத்திருக்காது. அவன் தேர்வெழுத வேண்டிய பிப்ரவரி வந்துவிடும்.

"இது பள்ளிவாசலின் வேலையா?"

இக்கோரிக்கையை முன்வைத்தவுடன் எழும் முதல் ஆட்சேபம் இது. உலகக் கல்விக்கும் அல்லாஹ்வின் இல்லத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறார்கள். மறுகேள்வி ஒன்றை நாம் வைக்கிறோம். கல்விக் கடனைப் பற்றிப் பேசுவது பள்ளிவாசலின் வேலையென்றால், அக்கடன் தேவைப்படாத நிலையை உருவாக்குவது மட்டும் எப்படி வேறு எவருடைய வேலையோ ஆகும்? நோயைப் பெயர் சொல்லிக் கண்டிப்பவர் மருந்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுதத் தெரிந்தவர்கள், மதீனாவின் சிறுவர்களுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்றதை வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. கற்பித்தவர்கள் அன்று இஸ்லாத்தின் எதிரணியில் நின்றவர்கள். கற்பிக்கப்பட்டது எழுத்து. கற்பவர் பயன்பெறுவாரெனில் ஆசிரியரின் அணியையும் பாராமல் கற்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி வேண்டுமா?

தொலைவில் போய்ச் சான்று தேடவும் வேண்டாம். அண்ணா சாலையில் உள்ள மக்கா மஸ்ஜிதில் குடிமைப் பணித் தேர்வுகளுக்கென்றே இலவசப் பயிற்சியகம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்கு இட்ட பெயர் அழகிய கடன். வட்டிக் கடனுக்கு மாற்றாகத் திருக்குர்ஆன் முன்வைக்கும் சொல்லையே ஒரு தேர்வுப் பயிற்சியகத்தின் பெயராக்கிய தெளிவை நாம் போற்றுகிறோம். குடிமைப் பணிக்கு இது ஆகுமென்றால் கேட் தேர்வுக்கு மட்டும் ஏன் ஆகாது? அங்கே ஆனது மயிலாப்பூரிலும் இராயப்பேட்டையிலும் தியாகராய நகரிலும் ஏன் ஆகாது?

வேண்டியது பெரிய கட்டடம் அன்று. பல பள்ளிவாசல்களில் மேல்தளம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் ரமலானின் தராவீஹுக்குமே நிறைகிறது. மற்ற நாட்களில் இஷா முடிந்ததும் விளக்கணைத்துப் பூட்டப்படுகிறது. அதே தெருவில், ஒற்றை அறை வீட்டில் தொலைக்காட்சிக்கும் தொட்டிலுக்கும் நடுவே கணக்குப் போட முயலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது மூன்று மணி நேர அமைதியும் ஒரு விளக்கும் மட்டுமே. பள்ளிவாசலின் ஒழுங்கும் தூய்மையும் காக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதற்கு விதிமுறை வகுக்கலாம். பூட்டு ஒரு விதிமுறை ஆகாது.

பயிற்சியைத் தொடங்குவதும் கடினமன்று. கேட் தேர்வில் எல்லாப் பாடத் தாள்களுக்கும் பொதுவான திறனறிப் பகுதிக்கு 15 மதிப்பெண்கள். இயந்திரவியல், மின்னியல், குடிமுறைப் பொறியியல், கணினி அறிவியல் போன்ற முதன்மைத் தாள்களில் கணிதத்திற்கு ஏறத்தாழ 13. ஆக 28 மதிப்பெண்களுக்கான பாடத்தைப் பல துறை மாணவர்களுக்கு ஒரே கூடத்தில், ஒரே கணித ஆசிரியர் நடத்திவிடலாம். மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. மதிப்போடு அழைத்தால் வருவார்கள். அவர்கள் எச்சமயத்தவர் என்பது பொருட்டன்று. நம் வாசலுக்குள் அவர்கள் வந்து கற்பிப்பதனால் அண்டை வீட்டாரோடு உறவும் வளரும்.

"நிர்ப்பந்தம் அல்லவா?"

மற்றோர் ஆட்சேபம் எதிர்ப்புறத்திலிருந்து வருகிறது. வேறு வழியே இல்லாதபோது நிர்ப்பந்தத்தின் பேரில் கல்விக் கடன் பெறலாமே என்கிறார்கள். நிர்ப்பந்தத்தின் எல்லை எது என்பதில் ஆலிம்களிடையே விரிவான ஆய்வுகள் உள்ளன. அதில் தீர்ப்புச் சொல்வது நம் வேலை அன்று. ஆனால் பொது அறிவு ஒன்றைச் சொல்லும். வேறு வழி இல்லை என்று சொல்லும் உரிமை, வழியைத் தேடிப் பார்த்தவருக்கே உண்டு. கேட் தேர்வின் பெயரைக்கூடக் கேள்விப்படாமல், விண்ணப்பத் தேதி என்று முடிந்தது என்றே அறியாமல், நேரே வங்கி மேலாளரின் முன் அமர்பவர் எந்த வழியைத் தேடினார்?

வெளிநாட்டுக் கனவுக்கும் இது பொருந்தும். ஜி.ஆர்.இ. தேர்வின் கட்டணமே அதிகம். அத்தேர்வு 2023 செப்டம்பர் முதல் இரண்டு மணி நேரத்திற்கும் சற்றுக் குறைவாகச் சுருக்கப்பட்டுவிட்டது. அதை நடத்தும் நிறுவனம் இரு மாதிரித் தேர்வுகளை இலவசமாகவே தருகிறது. இவை தெரியாமல் பயிற்சிக்கும் ஆலோசகருக்கும் பணத்தைக் கொட்டி, இறுதியில் பல லட்சம் ரூபாய் கடனோடு விமானம் ஏறுவோரைக் காண்கிறோம். அமெரிக்காவில் முதுகலைக்குப் பெரும்பாலும் சொந்தப் பணம் வேண்டும். முனைவர் படிப்புக்கோ, அறிவியல் பொறியியல் துறைகளில் பெரும்பாலும் கட்டண விலக்கும் ஊதியமும் சேர்ந்தே வருகின்றன. நான்காண்டுப் பட்டம் பெற்றவர் அதற்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. வழியைத் தெரிந்துகொள்வதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே.

உஸ்மான் சாலையின் வணிகம்

தியாகராய நகரின் உஸ்மான் சாலையை அறியாத சென்னைவாசி இல்லை. 1934-இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பணியாற்றிய சர் முகம்மது உஸ்மானின் பெயரைத் தாங்கியது அச்சாலை. இன்று அது பொன்னுக்கும் பட்டுக்கும் பெயர் போனது. நிக்காஹுக்கு நாள் குறித்த குடும்பங்கள் அங்கே ஒரே பிற்பகலில் செலவிடும் தொகையில் எத்தனை பேருக்குத் தேர்வுக் கட்டணம் கட்டலாம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 2026-ஆம் ஆண்டு கேட் தேர்வுக்குக் கட்டணம் 2,000 ரூபாய். பெண்களுக்கு 1,000 ரூபாய். வலீமா விருந்தில் ஒரு மேசைக்கு ஆகும் செலவு இது.

அதே வட்டாரத்தின் மாடிகளில் பயிற்சி நிலையங்களின் பலகைகளும் நிறைந்துள்ளன. அவற்றை ஒட்டுமொத்தமாகக் குறை சொல்லோம். நன்கு கற்பிப்போரும் உள்ளனர். ஆனால் பணமில்லை என்பதால் பயிற்சியே இல்லை என்று சோர்ந்துவிடும் மாணவனுக்குச் சில உண்மைகளைச் சொல்லியாக வேண்டும். கேட் தேர்வின் முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் விடைகளோடு இலவசமாகவே கிடைக்கின்றன. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் விரிவுரைகளை என்.பி.டி.இ.எல். தளம் காணொளிகளாக வழங்குகிறது. கேட் தேர்வுக்கெனத் தனிப் பக்கமும் வைத்திருக்கிறது. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே தனி இடம் உண்டு. நுழைவுக்குக் கட்டணம் இல்லை. இரவில் நூலகம் மூடிய பிறகு அந்த மாணவன் எங்கே போவான் என்பதற்குத்தான் மஹல்லா விடை சொல்ல வேண்டும்.

வளையல்களை நம்பிய காலம்

1950-களில் இராமேசுவரத்தின் எளிய குடும்பம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர், குரோம்பேட்டையின் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் பொறியியல் படிக்க இடம் பெற்றார். சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தந்தையிடம் அத்தொகை இல்லை. சகோதரி தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியைப் படிக்க அனுப்பினார். அந்த இளைஞர் பின்னாளில் இந்நாட்டின் குடியரசுத் தலைவரான டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். இதை அவரே தம் தன்வரலாற்றில் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்.

இந்நிகழ்ச்சியை நம் மேடைகளில் கண்ணீர் மல்கச் சொல்கிறார்கள். சகோதரியின் ஈகத்தைப் போற்றுகிறார்கள். அது போற்றத் தக்கதே. ஆனால் ஒரு கேள்வியை எவரும் கேட்பதில்லை. ஒரு குடும்பத்துப் பெண் தன் கைவளையைக் கழற்ற வேண்டிய நிலையில், ஊரின் பொதுப் பணம் எங்கே இருந்தது? அன்று நாடு வறுமையில் இருந்தது, ஜமாஅத்துகளும் எளிய நிலையில் இருந்தன என்று விடை சொல்லலாம். எழுபது ஆண்டுகள் கழித்து அந்த விடை செல்லாது. பளிங்குத் தரையும் குளிரூட்டியும் இன்று பல பள்ளிவாசல்களில் உண்டு. இருந்தும் மாணவனின் முதல் செமஸ்டருக்கு அக்காவின் நகைதான் அடகுக்குப் போகிறது.

முன்னோர் நமக்கு முன்மாதிரி வைக்காமலும் இல்லை. 1951-இல் இராயப்பேட்டையில் புதுக் கல்லூரியை எழுப்பினார்கள். 1955-இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் முன்னின்று தேனாம்பேட்டையில் பெண்களுக்கெனக் கல்லூரி கண்டார். நாட்டு விடுதலைக்குப் பின் சில ஆண்டுகளுக்குள், கையிலிருந்ததைக் கொண்டு பட்டப்படிப்பு வரை படி கட்டித் தந்த தலைமுறை அது. பட்டத்திற்கு மேலான படியைக் கட்டவேண்டியது இன்றைய தலைமுறையின் பொறுப்பு.

பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு

பல குடும்பங்களில் மகனைவிட மகளே நன்றாகப் படிக்கிறாள். பி.இ. இறுதியாண்டில் அவள் வகுப்பில் முதலிடத்தில் இருக்கும்போது வரன் பேசத் தொடங்குகிறார்கள். எம்.டெக். படித்தால் அதைவிட அதிகம் படித்த மாப்பிள்ளை கிடைக்கமாட்டார் என்பது சொல்லப்படும் காரணம். மார்க்கத்தில் இதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இது சந்தையின் கணக்கு. திருமணத்தை ஒத்திவையுங்கள் என்று நாம் வற்புறுத்தவில்லை. பேச்சுவார்த்தையின்போதே, படிப்பைத் தொடர்வாள் என்று இரு வீட்டாரும் தெளிவாகப் பேசி உறுதி செய்துகொள்ள என்ன தடை? மயிலாப்பூரிலிருந்து அடையாறு எவ்வளவு தொலைவு? மகளுக்கு அரைக் கட்டணத்தில் தேர்வெழுத அரசே இடம் தருகிறது. ஆயிரம் ரூபாயைக் கட்டி எழுத மட்டுமாவது விடுங்கள். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் அவள் கையில் இருக்கும். முடிவைப் பிறகு எடுக்கலாம்.

மாணவச் செல்வங்களுக்கு

ஜமாஅத்தை நோக்கிக் கேள்வி கேட்பதனால் உங்களை விட்டுவிட்டோம் என்று எண்ண வேண்டாம். தேர்வுக்கு முந்தைய இரவு வாட்ஸ்அப் குழுக்கள் அனைத்திலும் துஆ கேட்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. துஆ முஃமினின் ஆயுதம், கேளுங்கள். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு அண்ணலார் (ஸல்) கற்பித்ததை மறவாதீர்கள். கயிற்றைக் கையில் எடுக்காமலேயே ஒட்டகம் ஓடிவிட்டது என்று புலம்புவது தவக்குல் ஆகாது.

குறுக்கு வழியை நாடாதீர்கள். 2024 ஜூன் 18 அன்று ஒன்பது லட்சத்திற்கும் மேற்பட்டோர் எழுதிய நெட் தேர்வு, டெலிகிராமில் உலவிய ஒரு படத்தால் எழுந்த ஐயத்தின் பேரில் மறுநாளே ரத்து செய்யப்பட்டது. 2003-இல் எம்.பி.ஏ. சேர்க்கைக்கான கேட் தேர்வின் வினாத்தாள் வெளியாகி, நாடு முழுவதும் மறுதேர்வு நடந்தது. கசிந்த வினாத்தாளுக்குப் பணம் கொடுப்பவர், இரவெல்லாம் விழித்துப் படித்த இன்னொருவரின் இடத்தைத் திருடுகிறார். அவ்வாறு பெற்ற இடத்தின் உதவித்தொகை எவ்வகையில் ஹலால் ஆகும்? வட்டியிலிருந்து தப்ப மோசடிக்குள் நுழைவது ஒரு குழியிலிருந்து ஏறி மறு குழியில் விழுவதே.

தேர்வின் இயல்பையும் அறிந்துகொள்ளுங்கள். பல விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும். எண்ணை நேரடியாக இடும் வினாக்களில் அந்தக் குறைப்பு இல்லை. சொந்தக் கணிப்பானுக்கு அனுமதி கிடையாது; திரையில் தோன்றும் கணிப்பானையே சுட்டியால் இயக்க வேண்டும். வீட்டிலேயே அதில் பழகாதவர் தெரிந்த கணக்கிலும் நேரத்தை இழப்பார்.

இன்னொன்றையும் இப்போதே கருத்தில் கொள்ளுங்கள். கேட் தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியின் முதல் இரு வார இறுதிகளில் நடக்கிறது. பிறை ஆண்டு ஒவ்வோராண்டும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்வதால், 2027-இல் ரமலானும் பிப்ரவரியின் இரண்டாம் வாரத்தை ஒட்டியே தொடங்கும். நோன்போடு தேர்வெழுத நேரலாம். அஞ்ச வேண்டாம், ஆயத்தமாகுங்கள். வாரத்தில் திங்களும் வியாழனும் சுன்னத்தான நோன்பு நோற்று, அந்நாட்களிலேயே மூன்று மணி நேர மாதிரித் தேர்வை எழுதிப் பழகலாம். பிற்பகல் அமர்வு வழக்கமாக இரண்டரை முதல் ஐந்தரை வரை. லுஹரைத் தொழுதுவிட்டு உள்ளே செல்லலாம். வெளியே வந்தபின் மஃரிபுக்கு முன் அஸருக்கு அரை மணி நேரத்திற்கு மேல் இருக்கும். தேர்வு மையத்திற்கு அருகிலுள்ள பள்ளிவாசல் எது என்று முன்னதாகவே பார்த்து வையுங்கள்.

நம் கோரிக்கைகள்

முத்தவல்லிகளே, ஜமாஅத் நிர்வாகிகளே, மதிப்பிற்குரிய ஹஜ்ரத்மார்களே! கண்டனத்தோடு நிறுத்திவிட நமக்கு விருப்பமில்லை. இவ்வாண்டே செய்யக்கூடியவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

1. இஷாவுக்குப் பின் இரவு பதினொன்றரை வரையிலும், ஃபஜ்ருக்குப் பின் இரண்டு மணி நேரமும் பள்ளிவாசலின் மேல்தளத்தையோ மதரஸா கூடத்தையோ படிப்பவர்களுக்குத் திறந்துவிடுங்கள். பெண்களுக்குத் தனி இடமும் தனி நேரமும் ஒதுக்குங்கள்.

2. மஹல்லாவில் பட்டப்படிப்பின் மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் இருப்போரின் பட்டியலை ஜூன் மாதத்திலேயே எடுங்கள். கேட் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆகஸ்டு, செப்டம்பரில் தொடங்குகின்றன. அறிவிப்பு வந்த முதல் வெள்ளியன்றே, தொழுகைக்குப் பின் அதைச் சொல்லுங்கள்.

3. தேர்வுக் கட்டணத்திற்கும் நூல்களுக்கும் வட்டியில்லா அழகிய கடன் நிதி ஒன்றை நிறுவுங்கள். ஏழை மாணவருக்கு, ஏழை என்ற தகுதியிலேயே ஜகாத் சேரும். அதை அவர் கையிலேயே கொடுங்கள். கூடத்திற்கும் விளக்குக்கும் ஜகாத்தைச் செலவிடுவதில் ஃபிக்ஹு ஆட்சேபங்கள் இருப்பதால், அவற்றுக்கு ஸதகாவையும் வக்ஃபு வருமானத்தையும் பயன்படுத்துங்கள்.

4. சான்றிதழ்களுக்கு வழிகாட்டுங்கள். 2007 முதல் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு உள்ள 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு மாநிலக் கல்வி நிறுவனங்களுக்கு உரியது. ஐ.ஐ.டி. போன்றவற்றில் சேர மத்திய அரசின் ஓ.பி.சி. சான்றிதழ் தனியே வேண்டும். தம் பிரிவு மத்தியப் பட்டியலில் உள்ளதா, குடும்ப வருமானம் வரம்புக்குள் வருகிறதா என்று பார்த்து, உரிய படிவத்தில் முன்னதாகவே பெற வேண்டும். கடைசி வாரத்தில் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு ஓடி இடத்தை இழப்போருக்கு இத்தகவல் போய்ச் சேரவில்லை.

5. கேட் தேர்வில் உயர்ந்த தரவரிசை கிட்டாதவர்களைக் கைவிடாதீர்கள். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா தேர்வின் வழியே மாநிலத்தில் எம்.இ. சேரலாம். எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்புகளுக்கு டான்செட் தேர்வு உண்டு. அதே கூடமும் அதே கணித வகுப்பும் இவற்றுக்கும் பயன்படும்.

செல்வம் படைத்த சகோதரர்களே! உங்கள் வீட்டுத் திருமணத்தில் ஒரு வேளை விருந்தின் செலவை மஹல்லாவின் தேர்வு நிதிக்கு ஒதுக்கிப் பாருங்கள். உண்டவர் மறுநாள் பசிப்பார். அந்நிதியில் படித்தவர் தம் குடும்பத்தையே கடனிலிருந்து காப்பார்.

வட்டி ஹராம் என்ற உரையை நிறுத்துமாறு நாம் கேட்கவில்லை. அதை முழுமையாக்குமாறு கேட்கிறோம். அடுத்த ஜும்ஆவில் வட்டியின் கேட்டை எடுத்துரைக்கும் ஆலிம், அதே உரையின் இறுதியில், மேல்தளம் இன்றிரவு முதல் திறந்திருக்கும் என்றும் அறிவிக்கட்டும். பிறகு அந்த மாணவர் வங்கிக்குப் போனால், அப்போது அவரிடம் கேள்வி கேட்கும் உரிமை ஜமாஅத்துக்கு உண்டு.

நம் பிள்ளைகளின் கல்வியையும் உணவையும் ஹலாலானதாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! அவர்களுக்கு வாசல் திறக்கும் மனத்தை நம் ஜமாஅத்துகளுக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.